ரயிலுக்குத் தெரியும் பக்கம்

மாதிரி ரயில் அமைப்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினில்தான் தொடங்குகிறார்கள். பிறகு பெட்டிகள், தண்டவாளம், நிலையம் என்று வேலை நகர்கிறது. தெரு கடைசியில் வருகிறது. மேசையில் மிச்சமிருக்கும் இடத்தை நிரப்ப நாலு கடையும் இரண்டு மரமும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய நிறுவனங்கள் பெட்டியில் அடைத்து விற்கும் கட்டடங்களை வாங்கி ஒட்டினால் அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று வாதாடத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கை மாதிரி ரயிலாகச் செய்ய நினைப்பவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது தெருவை. அந்தத் தெருவிலும் அதிக உழைப்பைக் கேட்பது அதன் பின்பக்கம். கடைத்தெருவின் முகத்தைப் படம் பிடித்து வைத்தவர்கள் பலர். அதன் முதுகை யாரும் பத்திரப்படுத்தவில்லை. ஊருக்குள் நுழையும் ரயிலோ பெரும்பாலும் அந்த முதுகைப் பார்த்தபடிதான் போகிறது. அடுக்களை, துணி காயும் கொடி, பின் சந்து, சாக்கடை இவையெல்லாம் ரயில் பயணிக்குத்தான் முதலில் தெரியும். ஆகவே அந்தப் பக்கத்தைச் செய்யும் கடமை மாதிரி ரயிலுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது என்கிறேன்.

ரயிலுக்கும் இந்தத் தெருக்களுக்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதை முதலில் பார்ப்போம். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்ட வேண்டும் என்ற விதி, பிராங்க் சுவெட்டன்ஹாம் சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த 1880-களில் வந்தது. அதற்கான செங்கற்சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறந்தது. 1890-இல் அது ஆற்றைக் கடந்து கிள்ளானுக்குள் வந்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், இயங்கத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயின் பெரிய யார்டாக வளர்ந்தது. எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். பாதை போடவும் பராமரிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் இறங்கினார்கள். ஊழியர்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த வரிசை வீடுகளை நூறு குவாட்டர்ஸ் என்றே ஊர் அழைத்தது. ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் அதே காலத்தது. யார்டு இருந்த இடத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. ஆக, இங்கே தெரு ரயிலுக்குப் பின்னணி இல்லை. ரயில் சம்பளத்தில் எழுந்து, ரயில் நேரத்துக்கு விழித்து, ரயில் புகையைச் சுவாசித்த குடியிருப்பு அது. எஞ்சினை ஆணி வரை சரியாகச் செய்துவிட்டு, அதை ஓட்டியவன் வீட்டைக் கற்பனையில் விட்டுவிடுவது எப்படி நியாயமாகும்?

நம்மிடம் உள்ள சான்றுகள் எந்தப் பக்கத்தைக் காட்டுகின்றன என்று பாருங்கள். ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடிவமைத்து 1910-இல் எழுந்த பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தை எத்தனையோ கோணங்களில் படமெடுத்திருக்கிறார்கள். எதிரில் 1917-இல் முடிந்த ரயில்வே தலைமையகமும் அப்படியே. கடைவீடுகளின் முகப்புகள் அஞ்சலட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் நிறையக் கிடைக்கின்றன. மேல்மாடி ஜன்னல், சுதை வேலைப்பாடு, தூண்கள், அஞ்சடி நடைபாதை என்று முகப்புக்கு ஒரு மொழியே இருக்கிறது. படமெடுத்தவர் சாலையில் நின்றார். அவரைப் பின் சந்துக்கு யாரும் அழைக்கவில்லை. குடும்பப் படங்களிலும் இதே கதைதான். கல்யாணக் கூட்டம் வாசலில் நின்றது. அம்மி கிடந்த இடமும் தண்ணீர்க் குழாயும் படத்துக்குள் வரவில்லை. அலுவலக வரைபடங்களில் பின்பக்கம் ஒரு கோடாக முடிந்துவிடுகிறது. அந்தக் கோட்டுக்குள்தான் பெண்களின் முழு நாளும் கழிந்தது. பிள்ளைகள் குளித்தார்கள், கோழி வளர்ந்தது, அண்டை வீட்டோடு சண்டையும் சமாதானமும் நடந்தன. நம் சமூக வரலாற்றில் பாதிக்கு மேல் கட்டடத்தின் படம் பிடிக்கப்படாத பக்கத்தில் நடந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகை ஆகாது.

இங்கேதான் சிற்றுருவின் தனிக்குணம் உதவிக்கு வருகிறது. ஒரு புகைப்படத்துக்கு ஒரு பக்கம் போதும். எழுத்தாளர் "பின்னால் சிறிய சமையலறை இருந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். மாதிரி செய்பவர் அப்படித் தாண்ட முடியாது. அவர் கையில் ஒரு சுவர் இருக்கிறது, அதை எதிலாவது ஒட்டியாக வேண்டும். சமையலறைக் கூரை எந்தப் பக்கம் சரிந்தது? ஓடா, தகரமா? புகை எங்கே வெளியேறியது? கழுவிய தண்ணீர் எந்த வழியாகச் சாக்கடைக்குப் போனது? பின் கதவு உள்பக்கம் திறந்ததா, வெளிப்பக்கமா? இவற்றுக்கு விடை தெரியாமல் ஒரு வீட்டைக்கூட மூட முடியாது. நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை இவ்வளவு ஈவிரக்கமில்லாமல் சோதிக்கும் வேறொரு முறையை நான் அறியேன். அளவு கிடைக்காத கட்டடத்துக்கும் ஒரு வழி உண்டு. சுவர்ப்பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும் ஒரு பழைய படம் போதும். அந்தக் காலச் செங்கல் ஒரு வரிசை, சாந்தோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று அங்குலம். நாற்பது வரிசை எண்ணினால் சுவர் பத்தடி. கதவுநிலையும் படத்தில் நிற்கும் ஆளின் உயரமும் அந்தக் கணக்கைச் சரிபார்க்க உதவும். இப்படி எண்ணி எண்ணித்தான் தெரு மெல்ல மெல்ல மீண்டு வருகிறது.

இந்த வழியில் ஏற்கெனவே நடந்து காட்டிய ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் இங்கிலாந்துக்கு வந்த ரோய் இங்லண்ட் என்பவர் மாதிரி ரயில் பித்தர். அவர் தங்கிய பள்ளத்தாக்கில் பழைய வைக்கோல் கூரை வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு, கூரைக்கு வேறு பொருள்கள் ஏறுவதைக் கண்டார். அந்த வீடுகளைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. அளப்பதற்கு ஒரு கோல் இருந்தது. வீடு வீடாக அளந்து, படமெடுத்து, 1920-கள், 30-களின் கிராமப்புறத்தை ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்ற கணக்கில் அட்டையிலும் நீர்வண்ணத்திலும் செய்யத் தொடங்கினார். அவருக்குப் பின்னும் தன்னார்வலர்கள் தொடர்ந்ததால் அது லாங் விட்டென்ஹாம் என்ற ஊரில் பென்டன் அருங்காட்சியகமாக இன்றும் இருக்கிறது. அங்கே ரயில் ஓடுகிறது, ஆனால் மக்கள் நெடுநேரம் நின்று பார்ப்பது வீடுகளையும் தோட்டங்களையும் வேலிகளையும். என் வாதத்துக்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஒரு தனிமனிதரின் ரயில் பொழுதுபோக்கு ஒரு வட்டாரத்தின் கட்டட நினைவகமாக மாற முடியும். அவர் செய்ததெல்லாம் ரயிலைவிடத் தெருவை முக்கியமாக எடுத்துக்கொண்டதுதான்.

நம் ஊரிலும் சிற்றுருக்களுக்குக் குறைவில்லை. மெர்டேக்கா சதுக்கத்தை ஒட்டிய கேஎல் சிட்டி கேலரியில் ஒரு கூடத்தையே நிறைத்த நகர மாதிரியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சுபாங் ஜெயாவில் தொடங்கிப் பிறகு சுங்கை வாங் பிளாசாவுக்கு வந்த மின்நேச்சர் மலேசியா, நாட்டின் பல இடங்களைக் குட்டியாக்கிக் காட்டியது. நினைவுப்பொருள் கடைகளில் கடைவீட்டு முகப்புகள் மரத்தில் கிடைக்கின்றன. இவற்றின் கைவேலையை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் வகை நகரத்தை மேலிருந்து காட்டுகிறது, கடைசி வகை முகத்தை மட்டும் காட்டுகிறது. மாதிரி ரயில்காரர்களிடமும் முகப்பை மட்டும் செய்து பின்பலகையில் ஒட்டிவிடும் வழக்கம் உண்டு. இடம் மிச்சம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்த வழக்கத்தை அப்படியே திருப்பிப் போடலாம். இடம் குறைவாக இருந்தால் முகப்பை விடுங்கள், பின்பக்கத்தை மட்டும் செய்து ஒட்டுங்கள். தண்டவாளத்திலிருந்து பார்க்கும்போது அதுதான் உண்மையும்கூட.

இது விளையாட்டுப் பொருள், இதற்கு வரலாற்றின் கனத்தை ஏற்றலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் வீடுகளிலேயே இதற்கு விடை இருக்கிறது. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் பார்க், கோயில், குளம், ரயில் நிலையம் என்று பிள்ளைகள் அமைப்பதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறோம். பருப்பும் அரிசியும் குவித்து வைத்து உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மை ஒரு மளிகைக் கடையின் முழுப் பதிவு. என்னென்ன சரக்கு, எப்படிக் குவிப்பார்கள், செட்டியார் எங்கே உட்காருவார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை யாரும் அற்பம் என்று சொல்வதில்லை. கொலுவில் செட்டியார் கோயில் கோபுரத்தைவிட உயரமாக இருக்கலாம், அதற்கு அங்கே இடமுண்டு. மாதிரி ரயில் கேட்பது ஒன்றே ஒன்று கூடுதலாக: எல்லாம் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். சிற்றுருவில் நமக்குப் பழகிய கையோடு அளவுகோலையும் சேர்த்துக்கொள்வதுதான் இந்தக் கலை. அளவுகோலின் பலனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: பிரான்சில் பதினான்காம் லூயி காலத்தில், 1668 முதல், கோட்டை நகரங்களை 1:600 அளவில் சிற்றுருக்களாகச் செய்யத் தொடங்கினார்கள். படை நடத்துவதற்காகச் செய்தவை அவை. இன்று அந்நகரங்களின் அக்காலத் தெருக்களை ஆராய்பவர்களுக்கு அவை சான்றாக இருக்கின்றன. செய்தவரின் நோக்கத்தைவிட அளவின் நேர்மைதான் ஒரு சிற்றுருவை ஆவணமாக்குகிறது.

அளவு என்று வந்தபிறகு கணக்கைத் தவிர்க்க முடியாது. உலகில் பரவலாகப் புழங்கும் எச்ஓ அளவு 1:87. அதில் ஐந்தரை அடி ஆள் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். அஞ்சடி நடைபாதையின் அகலம் 17.5 மில்லிமீட்டர். ஆறு மீட்டர் முகப்புள்ள பத்துக் கடைவீடுகள் வரிசையாக 69 சென்டிமீட்டர் பிடிக்கும். முப்பது மீட்டர் ஆழம் போகும் வீட்டுக்கு 35 சென்டிமீட்டர் வேண்டும். இங்கே ஒரு சிக்கல் வருகிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். அது 1435 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கானது. நம்முடையது மீட்டர் கேஜ், 1:87-இல் 11.5 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். "தண்டவாளம் அஞ்சு மில்லிமீட்டர் கூடினால் என்ன" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் தெருவை வைத்தால் தவறு உடனே தெரிந்துவிடும். நிஜத்தில் அஞ்சடி நடைபாதையைவிட நம் தண்டவாளம் நன்றாகவே ஒடுக்கம். 16.5 மில்லிமீட்டர் பாதை போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், தெரு சுருங்கிப்போனது போல் கண்ணை உறுத்தும். நல்லவேளை, சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் பலவும் மீட்டர் கேஜ். அவற்றுக்காகச் செய்யப்படும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் நமக்கும் பொருந்தும். சிறிய வீட்டில் இடமில்லாதவர்கள் ஜப்பானிய 1:150 அளவுக்குப் போகலாம். அப்போது பத்துக் கடை 40 சென்டிமீட்டரில் அடங்கும். ஆனால் அந்த அளவுக்கு வழக்கமாகப் போடும் 9 மில்லிமீட்டர் பாதை நம் பாதையைவிட மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். ஒரு செங்கல் வரிசை அரை மில்லிமீட்டராகிவிடும். பின்பக்கத்தைக் காட்ட நினைப்பவர் 1:87-ஐ விட்டு இறங்கக் கூடாது என்பது என் கருத்து.

கைவேலையில் நம் தெரு கேட்கும் சிலவற்றை எந்தப் பெட்டியும் தராது. முதலில் ஆட்கள். ஐரோப்பியப் பொம்மைகள் கோட்டும் தொப்பியும் அணிந்தவை. அவற்றின் கோட்டைச் சீவிவிட்டு, மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்துச் சுற்றினால் கைலியும் வேட்டியும் சேலையும் வந்துவிடும். முந்தானை மடிப்பை நனைந்திருக்கும்போதே ஊசிமுனையால் இழுத்துவிட வேண்டும், காய்ந்தால் உடையும். அடுத்தது சாக்கடை. ஓரடி அகலக் கால்வாய் 3.5 மில்லிமீட்டர். ஒவ்வொரு கடை வாசலிலும் அதன்மேல் ஒரு சிமெண்டுப் பலகை. அடியில் பாசிக்குப் பச்சை, ஓரத்தில் கறுப்பு, நடுவில் மட்டும் மினுக்கும் மெருகெண்ணெய் ஒரு கோடு. இந்த மூன்றும் இல்லாத சாக்கடை அண்மையில் தோண்டியது போல் இருக்கும். மரங்களிலும் ஏமாறக் கூடாது. பெட்டியில் வரும் ஊசியிலை மரத்துக்கு இங்கே வேலையில்லை. தூங்குமூஞ்சி மரத்தின் குடை, பின்வாசலில் நிற்கும் முருங்கை, வாழை இவற்றை நாமேதான் செய்ய வேண்டும். நம் காற்றின் ஈரத்தையும் மறக்கக் கூடாது. அட்டை இரண்டு மழைக்காலத்தில் வளைந்துவிடும். சுவருக்குப் பிளாஸ்டிக் தாள், அடித்தளத்துக்கு இரு பக்கமும் வண்ணம் பூசிய ஒட்டுப்பலகை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்வது நல்லது.

பெயர்ப்பலகையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு தெருவின் ஆண்டை அதுதான் காட்டிக்கொடுக்கும். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் ஆணையாக வந்தது. இங்கும் அது படிப்படியாக ஏற்கப்பட்டது. அதற்கு முன் எழுதிய பலகையில் லை, னை, ணை எல்லாம் யானைத் துதிக்கை போல் முன்னால் வளைந்த சுழியோடு இருக்கும். றா, னா, ணா ஆகியவற்றுக்கும் தனி வடிவம் உண்டு. "மாலை விற்பனை" என்று ஒரு பூக்கடைப் பலகை எழுதினால் அந்த இரண்டே சொல்லில் இரண்டு பழைய எழுத்து வந்துவிடுகிறது. கணினியில் இன்றைய எழுத்துருவில் அச்சிட்டு 1950-களின் கடைமேல் ஒட்டுவது, அந்தக் கடை வாசலில் இன்றைய கார் ஒன்றை நிறுத்துவதற்குச் சமம். மலாய்ப் பலகைகளிலும் அப்படியே. 1972 எழுத்துக்கூட்டு மாற்றத்துக்கு முந்தையவை வேறு மாதிரி எழுதப்பட்டவை, பலவற்றில் ஜாவி எழுத்தும் இருந்தது. தெருப்பெயரும் மாறியிருக்கிறது. இன்றைய ஜாலான் துன் சம்பந்தன் அன்று பிரிக்பீல்ட்ஸ் சாலை. ஓரடி எழுத்துகூட 3.5 மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். ஆனாலும் தமிழ் படிக்கத் தெரிந்த பார்வையாளரின் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. லேசர் கருவியால் ஒரு தெருவை ஒரே நாளில் துல்லியமாகப் பதிவு செய்துவிடலாம், கணினித் திரையில் எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம், பிறகு எதற்கு இந்தக் கத்தியும் பசையும்? இன்று நிற்கும் கட்டடத்துக்கு அந்தக் கருவிதான் சிறந்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நின்றுகொண்டிருப்பவை இடிவதற்குள் அந்தப் பதிவு நடக்கட்டும். ஆனால் இல்லாததைக் கருவி அளக்காது. ஜாலான் அம்பாங்கில் 1929 முதல் நின்ற போக் மாளிகை 2006 டிசம்பரில் இடிக்கப்பட்டது. புடு சிறை 2010-இலிருந்து 2012-க்குள் தரைமட்டமானது. அவை பெரிய பெயர் பெற்ற கட்டடங்கள், அவற்றுக்காகக் குரல் எழுந்தது, படங்களும் ஏராளம். அப்படிப் பெயரில்லாத பின் சந்துகள் போனபோது ஒருவரும் எழுதிவைக்கவில்லை. போனவற்றைத் திரும்பக் கட்டக் கருவி உதவாது, கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கட்ட வேண்டும். கேட்பதற்கு மேசைமேல் இருக்கும் மாதிரி, திரையைவிடப் பலமடங்கு வசதியானது. எண்பது வயதுக்காரரிடம் கணினிச் சுட்டியைக் கொடுத்துப் பாருங்கள், பிறகு ஒரு மாதிரி வீட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவதை அவர் உடனே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார், கதவு இடம் மாறியிருந்தால் விரலை வைத்துச் சொல்லுவார்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. சிறியதாகச் செய்தாலே எதுவும் அழகாகிவிடும், நெருக்கமும் நாற்றமும் நோயும் நிறைந்த வாழ்க்கையை மினுமினுக்கும் பொம்மையாக்கி ஏக்கத்தோடு பார்க்க வைக்கிறீர்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் குற்றம் முகப்பு மாதிரிகளைத்தான் முதலில் சாரும். பின்பக்கத்தை நேர்மையாகச் செய்தால் அழகுபடுத்துவது கடினம். வாளிக் கழிவறை இருந்த காலத்தில் வீட்டின் பின்சுவரில் தரையோடு ஒரு சிறு கதவு இருக்கும். மலம் அள்ளுபவர் அதைத் திறந்து வாளியை எடுத்துப்போவார். பின் சந்து என்ற ஒன்று வகுக்கப்பட்டதற்கே அது ஒரு முக்கியக் காரணம். 1:87-இல் அந்தக் கதவு ஐந்து மில்லிமீட்டர். அதை வைத்துவிட்டால், அந்தச் சந்தில் நடந்து வந்தவர் யார், அந்த வேலை யார் தலையில் விழுந்தது என்ற கேள்வியைப் பார்வையாளர் தாண்டிப்போக முடியாது. ஓர் அறைக்குள் எத்தனை பாய் விரித்தார்கள் என்று கேட்டு, அத்தனை பாயையும் விரித்து, கூரையைத் திறந்து காட்டும்படி செய்யலாம். ஆனாலும் சிற்றுருவால் தாங்க முடியாதவை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1943-இல் இதே இருப்புப்பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள், பெருந்தொகையானோர் திரும்பவில்லை. அந்த நடைமேடையை 19 மில்லிமீட்டர் ஆட்களைக் கொண்டு செய்ய என் மனம் ஒப்பவில்லை. அதற்கு வாய்மொழிப் பதிவும் எழுத்தும்தான் தகுந்த வடிவங்கள்.

தெரியாத இடத்தில் என்ன செய்வது? ஊகத்தால் நிரப்பினால் பொய் சான்றாகிவிடும். பழங்கட்டடங்களைப் புதுப்பிப்பதற்கான 1964 வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. மாதிரிக்கும் இதையே விதியாக்கலாம். ஆதாரம் உள்ள பகுதிக்கு முழு வண்ணம், ஆதாரம் இல்லாததை வடிவம் மட்டும் கொடுத்து வெள்ளையாக விட்டுவிடுவது. வெள்ளைச் சுவர்கள் மாதிரியைக் கெடுத்துவிடும் என்று கைவினைஞர்கள் வருந்தக்கூடும். வெள்ளையாக இருப்பதால்தான் பார்க்க வருபவர் வாய் திறப்பார். "இங்கே கிணறு இருந்தது", "இது தகரக்கூரை, ஓடு இல்லை" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, இருவர் சொல்வதும் பதிவாகும். ஒவ்வொரு வெள்ளைப் பகுதிக்கும் ஓர் எண், பக்கத்தில் ஒரு நோட்டு, ஒரு ஒலிப்பதிவுக் கருவி போதும். சொன்னவர் எந்த வீட்டில், எந்த ஆண்டுகளில் இருந்தார் என்பதையும் கூடவே எழுத வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக ஒன்றையே சொன்னால் வண்ணம் பூசலாம்.

ஆண்டு என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், "பழைய காலம்" என்பது எந்த ஆண்டும் இல்லை. நான் 1958-ஐ முன்வைக்கிறேன். மலாயன் ரயில்வேயில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே இங்கிலீஷ் எலக்ட்ரிக் டீசல் எஞ்சின்கள் வந்து சேர்ந்த காலம் அது. இரண்டையும் ஒரே பாதையில் ஓட்டலாம், ரயில் பிரியர்களுக்கும் குறை இருக்காது. பலகைகளில் பழைய எழுத்து, தெருக்களுக்குப் பழைய பெயர். எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், அன்று பத்து வயதில் அந்தச் சந்துகளில் ஓடித் திரிந்தவர்கள் இன்று எண்பதை நெருங்கியும் நம்மோடு இருக்கிறார்கள். 1920-ஐத் தேர்ந்தால் கேட்க ஆளில்லை. 1958-க்கும் இன்னும் சில ஆண்டுகளே அவகாசம்.

இடத்தைப் பொறுத்தவரை, தொடங்குவதற்கு எளிது கிள்ளான் ஸ்டேஷன் சாலை. நிலையமும் கடைவரிசையும் அருகருகே இருப்பதால் ஒரே பலகையில் இரண்டும் அடங்கும், பழைய கடைவீடுகள் இன்னும் நிற்பதால் நேரில் அளக்கவும் முடியும். அங்கே கையைப் பழக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வரலாம். பிரிக்பீல்ட்ஸ் சாலை முழுவதையும் செய்ய ஆசைப்பட வேண்டாம். ஒரு கிலோமீட்டர் 1:87-இல் பதினொன்றரை மீட்டர், அது ஒருவரின் வாழ்நாளை விழுங்கும். ரயில் குடியிருப்பில் ஒரே ஒரு வரிசையும் அதன் பின் சந்தும் போதும். தேசிய ஆவணக் காப்பகத்தில் நில அளவை வரைபடங்களைத் தேடுவது ஒருவர் வேலை, குடும்பப் படங்களைச் சேகரிப்பது இன்னொருவர் வேலை, வெட்டி ஒட்டுவது மூன்றாமவர் வேலை. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தாத்தா பாட்டியிடம் கேள்வி கேட்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். முடிந்த பலகையை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதற்கு முன் கோயில் மண்டபத்திலும் சமூகக் கூடத்திலும் வையுங்கள், முதியவர்கள் வந்து போகும் இடங்கள் அவை. மேசை இடுப்பளவு உயரம் இருக்கட்டும், உட்கார்ந்து பார்க்க நாற்காலி போடுங்கள். பலகையை வைக்கும்போது பின் சந்து அந்த நாற்காலிகளைப் பார்த்து இருக்க வேண்டும், கடை முகப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் மேசையைச் சுற்றி வரலாம்.